பனி ஒத்துக்காதவளுக்கு

அடியே,

இன்று விடியும் முன்பே எதிர்வீட்டில் வாசல் தெளித்தார்கள். சாணத் தண்ணீர் வாசனை பனியோடு சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நீ போய் இன்னும் காரியம்கூட முடியவில்லை, உன்னைத் திட்ட உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரு பெண் இருட்டில் ஓட வேண்டுமென்றால் மார்கழியை விட்டால் வேறு மாதம் கிடையாது. மற்ற மாதங்களில் அந்நேரத்தில் தெருவில் பால்காரரும் நாய்களும்தான். மார்கழியில் மட்டும் வீட்டுக்கு வீடு பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பெண் போலீஸ் செலக்‌ஷனுக்கு மனுப் போட்டிருந்த நாம் இரண்டு பேரும் பூக்கூடையை இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவதுபோலக் கிளம்புவோம். கோயிலைத் தாண்டியதும் ஓட்டம். எதிரே யாராவது வந்தால் நடை. அவர்கள் போனதும் மறுபடி ஓட்டம்.

ஓடுகிற தரையா அது? தெளித்த தண்ணீரில் வழுக்கும். கோலத்தை மிதித்துவிட்டால் அந்த வீட்டுக்காரி நம் பரம்பரையையே இழுப்பாள், தாண்டித் தாண்டிக் குதிக்க வேண்டும். மெயின் ரோட்டில் விளக்கில்லாத கரும்பு டிராக்டர்கள் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும். பனி நெஞ்சுக்குள் போய் எனக்கு இருமல். நீயோ தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருப்பாய். "பனி இருக்கிற வரைக்கும்தான்டி நம்ம மூஞ்சி தெரியாது. ஜல்தி வா" என்பாய். உன் முதுகைப் பார்த்துத்தான் நான் ஓடப் பழகினேன்.

பொங்கலுக்குத் திண்டிவனத்திலிருந்து உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் கடலூரில் செலக்‌ஷன். அன்று காலை உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். உன் அப்பா என்னைப் பார்க்காததுபோலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீ கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நீ போய்ட்டு வாடி. எனக்குப் பனி ஒத்துக்கல. மூச்சு வாங்குது."

பொய். பச்சைப் பொய். வீட்டில் விடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் அப்பாவோடு அங்கேயே மல்லுக்கு நின்றிருப்பேன். அவர் மானத்தைக் காப்பாற்ற உன் உடம்பின் மேல் பழி போட்டாய். நான் தனியாகப் போனேன். ஓடும்போது என் ஒரு கை கூடையைப் பிடித்தாற்போலவே மடங்கிக் கிடந்ததைப் பார்த்து அங்கே சிரித்தார்கள். அப்படியும் தேறினேன். காக்கி போட்டு ஓய்வும் பெற்றாயிற்று. இப்போது அதே ரோட்டில் பெண்பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒரு பயலும் ஏனென்று கேட்பதில்லை. அவர்களைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது, என்ன செய்ய?

உன் சாவுக்குத் திண்டிவனம் வந்தேன். உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். அழுதுகொண்டே சொன்னார்: "அவளுக்குப் பனியே ஆவாதுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து மார்கழி பூரா விடியக்காலத்துல வாசப்பக்கம் வந்ததே இல்ல. கோலம்கூட எங்க அண்ணிதான் போடுவாங்க."

கோலம் போட்ட தெருவைப் பார்க்க உன்னால் முடியவில்லை, அதுதானே? அதற்காக இத்தனை வருஷமும் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாயா? பக்கத்தில் உன் மகள் நின்றாள். எல்லோர் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னேன்: "உங்க அம்மா எனக்கு முன்னால ஓடுனவ. அந்தப் பனியில அவள நான் ஒரு நாளும் புடிச்சதில்ல."

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளும் ஓடுவாளாம், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. ஒருநாள் நீதான் நிறுத்தினாயாம், பனி ஒத்துக்காது என்று சொல்லி.

இதை நான் எங்கே கொண்டுபோய்ப் போடட்டும், சொல்லடி.