பன்னிரண்டரை மணிச் செய்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பியபோது வாசற்படியில் பேப்பர் கிடந்தது. அதன் மேல் ஓரத்தில் ஏஜெண்டின் நீலப் பென்சில் எழுத்தில் ‘பண்ணை ஐயா’ என்று இருந்தது. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அந்தப் பெயரை அடிக்கச் சொல்ல எனக்கும் அம்மாவுக்கும் வாய் வரவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனால், ஆணியில் தொங்கும் உங்கள் காக்கிப் பையிலிருந்து பினாயில் வாசனை வருகிறது. இன்னும் எப்படி வருகிறது என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம், நீங்கள் கை கழுவக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன்.

நம் மத்திகிரிக்குச் சென்னைப் பேப்பர் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். ஓசூர் வரை வந்து, அங்கிருந்து தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் பகல் பன்னிரண்டு மணிக்கு நம் தெருமுனையில் இறங்கும். பன்னிரண்டரைக்கு நீங்கள் சர்க்கார் மாட்டுப் பண்ணை ஆபீஸிலிருந்து நடந்து வருவீர்கள். என் பள்ளியும் அப்போதுதான் விடும். தெருவில் உங்களை ஒருவர் “சாப்பாடாச்சுங்களா?” என்பார், அடுத்தவர் “ஊட்டா ஆயிதா?” என்பார், கிணற்றடியில் நிற்பவர் “போஜனம் அயிந்தா?” என்பார். தமிழ், கன்னடம், தெலுங்கு, மூன்று பாஷையிலும் ஒரே கேள்வி. அவரவர் பாஷையிலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்து சேர்வீர்கள்.

அம்மா களியும் அவரைக்காய்க் குழம்பும் வைப்பாள். நீங்கள் சாப்பிட, நான் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். தலைப்பிலிருந்து மழையளவு வரை எல்லாம் படிக்க வேண்டும். “நேத்து நடந்ததை இன்னிக்குப் படிக்கிறோமே, மெட்ராஸ்ல மாமா வீட்டுல காலைல காப்பியோடவே படிக்கிறாங்க” என்று நான் ஒரு நாள் முகம் தூக்கினேன். நீங்கள் களியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே சொன்னீர்கள்: “ஒரு நாள் லேட்டாத் தெரிஞ்சா என்ன கெட்டுப்போச்சு கண்ணு? கெட்ட சேதி ஒரு நாள் நம்மளைத் தொந்தரவு பண்ணாம இருந்துச்சு, அவ்ளோதான்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அரை மணி எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. என் கதைப்புத்தகம் பாதியில் கவிழ்ந்து கிடக்கும். பள்ளி அலமாரியில் இருந்த நாற்பத்து மூன்று புத்தகங்களையும் இரண்டு முறை முடித்துவிட்டு, மாமா கடிதத்தில் எழுதும் சென்னை நூலகங்களை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். சீக்கிரம் முடிக்க நடுவில் சில செய்திகளைத் தாண்டிவிடுவேன். நீங்கள் நிமிராமலே, “நடுவுல ஒண்ணை விட்டுட்டியே கண்ணு, பருத்தி விலை” என்பீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போடும். என் குரலை வைத்தே எப்படியோ கண்டுபிடிக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த நாள் பன்னிரண்டரைக்கு நீங்கள் வரவில்லை. ஒன்றேகாலுக்கும் வரவில்லை. நான் சந்தோஷப்பட்டேன், அப்பா. பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் கதையைப் படித்தேன். பண்ணையில் மாடு பார்க்கும் முனியப்பா மூச்சிரைக்க ஓடிவந்து, “பாப்பா, அம்மாவைக் கூப்பிடு, ஐயா நெஞ்சைப் புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு” என்றபோது என் விரல் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

டாக்டர் கிராமங்களைச் சுற்றப் போயிருந்தார். பண்ணை ஜீப்பில் உங்களை ஏற்றி பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஜீப் எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளியைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் போய்விட்டீர்கள். எல்லாச் செய்தியும் ஒரு நாள் தாமதமாக வரும் ஊரில் உங்கள் செய்தி மட்டும் அன்றே, அந்த மணிக்கே வந்துவிட்டது. ஒரு நாள் பொறுத்து வந்திருக்கக் கூடாதா?

மூன்றாம் நாள் உங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தா துக்கம் விசாரிக்க வந்தார். குடையை மடித்துக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். அம்மா எழுந்திருக்கவில்லை. “வாங்க. அவரை இங்கயே ஏழு வருஷம் அழுத்தி வெச்சீங்களே, இப்பத் திருப்தியா?” என்றாள். கூடத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அந்த வெயிலில் குடையை விரிக்கவும் மறந்து நடந்துபோனார்.

அம்மா சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்னைக்குப் பதவி உயர்வு லிஸ்ட் வரும்போதெல்லாம் நீங்கள் வீட்டுக்கு வந்து, “பேர் வரல” என்பீர்கள். “அந்த ஆளு உங்க பைலை அமுக்கி வெக்கிறாரு” என்று அம்மா பொருமுவாள். நீங்கள் மறுத்துப் பேசியதே இல்லை.

சென்னையிலிருந்து வந்த மாமா, மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதித் தந்தால் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். நாங்களும் அவரோடு சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்றார். எனக்கு எழுத்து நன்றாக வருமென்று மனுவை என்னிடம் விட்டார்கள். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்.

“மெட்ராஸ் போயிருந்தா ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்திருக்கும். அவரு உசுரு போனதுக்கு இந்தப் பெரிய குமாஸ்தாதான் காரணம். அதையும் எழுது.”

“அதை எப்படிம்மா மனுவில எழுதறது?”

“நாப்பது புஸ்தகம் படிச்சவளாச்சே. உனக்குத் தெரியாதா? எழுது.”

எழுதிவிட்டேன். நல்ல தமிழில், பிழையில்லாமல், ஒரு மனிதரைக் கொலைகாரர் என்று எழுதினேன். நீங்கள் வேலையில் சேர்ந்த தேதி ஒன்றுதான் பாக்கி. அதைக் குறித்து வர மறுநாள் உங்கள் ஆபீஸுக்குப் போனேன்.

பெரிய குமாஸ்தா உங்கள் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தார். “மொதல் பக்கத்துல தேதி இருக்கும், எழுதிக்க பாப்பா. பின்னாடியெல்லாம் உனக்கு எதுக்கு?” என்றார். ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்குத் தெரியாதென்று அவருக்குத் தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் போனதும் புரட்டினேன்.

சென்னைக்குப் பதவி உயர்வுடன் மாற்றம்: ஊழியர் ஏற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் சென்னை: ஊழியர் ஏற்கவில்லை. போன வருஷம் மூன்றாவது முறை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. சாய்ந்த கையெழுத்து, உங்களுடையது. குடும்பக் காரணங்களால் இந்த மாற்றத்தை ஏற்க இயலவில்லை என்று ஆங்கிலத்தில் மூன்று முறையும் ஒரே வாக்கியம். மூன்றாவது முறை படித்தும் எனக்கு அர்த்தமாகவில்லை. குடும்பம் என்றால் நானும் அம்மாவும்தானே? எங்களில் யாரைக் கேட்டீர்கள்?

“சார், இது…” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “பாத்துட்டியா?”

“எங்கம்மா உங்களை அப்படிக் கேட்டாங்களே, ஏன் சார் சொல்லல?”

“உங்கப்பா கேட்டுக்கினாரு பாப்பா. ‘எம் மேல கோவம் வந்தா எனக்கு சோறு ஆறிப்போவும். உங்க மேல வந்தா உங்களுக்கென்ன, நீங்க பாகலூர்ல உங்க வீட்டுல சாப்பிடறவரு’ன்னாரு.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “மொதல் தடவை நானும் சண்டை போட்டேன். யாராவது மெட்ராஸை வேணாம்பாங்களா, அப்படி என்னய்யா குடும்பக் காரணம்னேன். சுவத்துக் கடியாரத்தைக் காட்டினாரு. பன்னெண்டரை ஆவ அஞ்சு நிமிஷம். ‘எம் பொண்ணு பேப்பர் வெச்சிக்கினு உக்காந்திருப்பா’ன்னு பையை எடுத்துக்கினு போயிட்டாரு.”

“பேப்பர்ல என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கவா சார், அவ்வளவு அவசரம்?”

“பேப்பரா?” அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “ஓசூருக்குப் பால் கொண்டுபோற வண்டி திரும்பறப்பவே ஆபீஸ் பேப்பர் வந்துடும் பாப்பா. பத்து மணிக்கெல்லாம் உங்கப்பா ஒரு வரி விடாம முடிச்சிடுவாரு.”

அப்பா, உங்களுக்கு எல்லாம் முன்பே தெரியும். பருத்தி விலை தெரியும், மழையளவு தெரியும். தெரிந்த செய்தியை ஒன்றும் தெரியாதவர்போல் தினமும் என் வாயால் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நானோ வரிகளைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

பண்ணையிலிருந்து வீடு வரை அழவில்லை. கோபம்தான் வந்தது. அரை மணி நேரத்துக்காகவா ஒரு பட்டணத்தை விட்டீர்கள்? அந்த அரை மணியும் இந்த ஜூனில் தானாகவே முடியப் போகிறதே. நான்காம் பாரம் படிக்க நான் ஓசூர் ஹைஸ்கூலுக்குத்தான் போக வேண்டும், பகல் சாப்பாடு டப்பாவில்தான். இதை நீங்கள் யோசித்தீர்களா? ஆஸ்பத்திரியை யோசித்தீர்களா? சென்னையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களோ என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

வீட்டில் மனு மேஜைமேல் இருந்தது, தேதிக்கு மட்டும் இடம் விட்டு. சொன்னால் அம்மாவின் கோபம் முழுக்க உங்கள்மேல் திரும்பும். சொல்லாவிட்டால் உங்களுக்காக வாயை மூடிக்கொண்ட மனிதர்மேல் அந்த மனு போகும். மாமா மறுநாள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். அதற்கு முன் சொல்லியாக வேண்டும், எப்படியென்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு, நீங்கள் உட்காரும் பலகைக்கு எதிரே போய் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து விசித்திரமாகப் பார்த்தாள். இரண்டு செய்தி படித்தேன். மூன்றாவதாக, சர்வீஸ் புத்தகத்திலிருந்து நான் குறித்து வந்த தாளைப் பேப்பருக்கு நடுவே வைத்து, அதே குரலில், தேதியோடு படித்தேன். மாற்றம், ஏற்கவில்லை. மாற்றம், ஏற்கவில்லை. மாற்றம், ஏற்கவில்லை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எத்தனை தடவை?”

“மூணு.”

“மூணு தடவையும் ‘பேர் வரல’ன்னு வந்து உக்காந்தாரு. பாவம், மனசு ஆறட்டும்னு மூணு தடவையும் நான் பாயசம் வெச்சேன். ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சாரு.” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து முகம் கோணியது. “எங்கிட்டக் கேட்டிருந்தா போலாம்னு சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதான் கேக்கல.”

மனுவை அவளே எடுத்து அடுப்பில் வைத்தாள். அன்றும் அடுத்த நாளும் உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை, உங்களுக்கு அது வேண்டியதுதான் என்று இருந்தது. மூன்றாம் நாள் முனியப்பாவிடம் சொல்லி அனுப்பி, பெரிய குமாஸ்தாவைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தாள். அவர் வந்து வாசலிலேயே தயங்கி நின்றார். அம்மா பெரிய செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினாள். “அன்னிக்குக் குடுக்க வேண்டியது” என்றாள். அவர் அண்ணாந்து, முழுச் செம்பையும் குடித்து முடித்தார்.

மாமாவின் கடிதம் மறுபடி வந்தபோது அம்மா அதை என் முன் போட்டாள். “போலாமா, இருக்கலாமா? நீ சொல்லு. இந்த வீட்டுல இனிமே யாரும் அடுத்தவங்களைக் கேக்காம முடிவு பண்ணக் கூடாது.”

“எனக்குப் போகணும்னும் இருக்கும்மா. வேண்டாம்னும் இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான்” என்றாள். ரொம்ப நேரம் பேசினோம். தம்பி வீடு எத்தனை நல்ல வீடானாலும் அங்கே நாம் விருந்தாளிகள், இங்கே வாடகை வீடானாலும் நம் வீடு என்றாள். ஓசூர் ஹைஸ்கூலில் நான்கு அலமாரிப் புத்தகம் இருக்கிறதாம் என்றேன் நான். “படிச்சு முடிச்சுட்டு நானே மெட்ராஸ் போறேன்.”

“போ. ஆனா சொல்லிட்டுப் போ.”

அப்படித்தான் இங்கேயே இருக்கிறோம், அப்பா. நீங்கள் மூன்று முறை யாருக்கும் தெரியாமல் எடுத்த முடிவை, நாங்கள் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லி எடுத்தோம். உங்கள்மேல் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதிர்ச்சியும் போகவில்லை. வகுப்பில் பாடம் நடக்கும்போது திடீரென்று அந்தச் சாய்ந்த கையெழுத்து கண்முன் வரும்.

இப்போதெல்லாம் பேப்பர் படிப்பது அம்மா. ஐந்தாவதோடு நிறுத்தியவள், பகலில் தனியாக உட்கார்ந்து பழைய பேப்பர்களில் எழுத்துக் கூட்டிப் பழகுகிறாள். சாயங்காலம் நான் வந்து சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டுகிறாள். ஓசூர் ஹைஸ்கூல் வாசக அறையில் அதே பேப்பர் காலையிலேயே கிடக்கிறது. பிரார்த்தனை மணிக்கு முன் ஒரு வரி விடாமல் முடித்துவிடுகிறேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. கேட்காமல் முடிவு பண்ணக் கூடாது என்ற விதியை நான் மீறுவது இந்த ஒன்றில்தான்.

இன்றும் படித்தாள். தடங்கித் தடங்கி, விரலை வரியின் கீழ் ஓட்டிக்கொண்டு முதல் பக்கத்தை முடித்தாள். அடுத்த பக்கத்தில் ஏதோ கடினமான சொற்கள் வந்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் கீழே தாவினாள்.

நான் தட்டிலிருந்து நிமிரவில்லை. “நடுவுல ஒண்ணை விட்டுட்டியேம்மா, பருத்தி விலை” என்றேன்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கெப்படிடி தெரியும்?” என்றாள்.