மொட்டைக்கு ஒரு பெயரடை

ஆகஸ்ட் 12
அட்லாண்டிக் கடல் இன்று எங்கள் கூரைமேல்தான் குடியிருந்தது. அந்த மழையில் கால்வே மருத்துவமனையிலிருந்து அண்ணன் மகள் சோரகா வந்து சேர்ந்தாள். நோய் போய்விட்டது, கூடவே தலைமுடியும். கலங்கரை விளக்கத்தை விட்டுவிட்டு அரன் தீவுப் படகுகள் பார்த்துக் கரைசேர்ந்த செம்பட்டை முடி அது.

கம்பளித் தொப்பியைக் கழற்றவேயில்லை. "ஸ்கூல் திறந்தா வேற ஆளப் போட்டுக்கச் சொல்லப்போறேன், சித்தப்பா."

பிள்ளைகளுக்கு ஐரிஷ் சொல்லிக்கொடுக்காமல் இவள் எப்படி இருப்பாள்?

ஆகஸ்ட் 14
ஊரில் 'மீல்' என்ற சொல் செத்துவிட்டது. மொட்டைத் தலை, கொம்பில்லாத மாடு, மழுங்கிய கத்தி, மரமற்ற குன்று — எல்லாவற்றுக்கும் எங்கள் ஐரிஷில் அது ஒன்றுதான். இவள் காதில் விழக்கூடாதாம். கடைக்காரி தன் கத்திக்கு உடம்பு சரியில்லை என்கிறாள்.

ஆகஸ்ட் 19
பக்கத்து வீட்டுக்காரன் டாமின், தன் மாட்டைத் தேடிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டான்.

"பார்ட்லி, என் மாட்டப் பாத்தியா? அந்த... தலைல ஒண்ணும்..." கூரையைப் பார்த்தான்.

"நெத்தி கொஞ்சம் பெருசா இருக்குமே, அதுவா?" என்றேன், கான்னமாரா வட்டாரத்தின் சொல்வேந்தனாகிய நான்.

சோரகா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "மீல்னே சொல்லுங்க, டாமின் மாமா. என்னப் பாத்ததும் ஆளாளுக்குப் பேச்சு மறந்துபோனா, நான் செத்துட்ட மாதிரி இருக்கு."

"போ... மீல்" என்றான். 'போ' என்றால் பசு. பயத்தில் இலக்கணமும் போய்விட்டது, பாவம்.

"தப்பு. பசு பெண்பால். பின்னால வர்ற ம மெலிஞ்சு வ ஆகணும். போ வீல்."

ஆகஸ்ட் 20
மாடு கிடைத்தது.

ஆகஸ்ட் 25
"நம்ம குடும்பப் பேர்லயே அது இருக்கு, சித்தப்பா. அந்தக் காலத்துல தலைய மழிச்சவன் சாமிக்கு அடியான். 'மீலோன்'னா யோவானோட மொட்டை அடியான்."

ஆக, பரம்பரையிலேயே பெயருக்கேற்ற வாரிசு இவள் ஒருத்திதான். நான் சிங்கப் பிடரியோடு திரியும் போலி. அதைச் சொன்னேன். சிரித்தாள். பள்ளிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. இன்னும் என்னதான் செய்யணும் நான்?

செப்டம்பர் 1
பள்ளிக்குப் போனாள். தொப்பி ஆணியிலேயே தொங்குகிறது.

செப்டம்பர் 3
இன்று பெயரடைப் பாடமாம். 'மொட்டை வாத்தியார்' என்பதை ஐரிஷில் சொல்லுங்கள் என்றிருக்கிறாள். டீச்சர் பெண்ணாயிற்றே என்று அத்தனை பேரும் மெதுவாக 'வீல்' என்றார்களாம்.

"எல்லாருக்கும் தப்புப் போட்டேன்" என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "வாத்தியார்ங்கற சொல்லு ஆண்பால். எந்தப் பொம்பள வந்து நின்னாலும் மீல் மெலியாது."