பார்க்க முடியாது, அழிக்க முடியும்

பிப்ரவரி 17, 2014, திங்கள்

காலை பாசஞ்சரில் விழுப்புரத்திலேயே உட்கார இடம் கிடைத்தது. திண்டிவனத்தில் இறங்கி அறக்கட்டளைக்குப் போனால், சென்னையிலிருந்து பயிற்சியாளர் வந்து காத்திருக்கிறார். எங்கள் காசநோய்க் களப்பணியாளர்கள் பத்தொன்பது பேரும் இனி நோட்டில் எழுத வேண்டாமாம். நோயாளியின் பெயர், ஊர், மாத்திரை சாப்பிட்ட நாள் எல்லாவற்றையும் அவரவர் சொந்த போனிலேயே பதிய வேண்டும். இதுவரை கம்ப்யூட்டர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நான் இனி அந்த போன்களுக்கும் காவல். ஒன்று தொலைந்தால் என் மேஜையிலிருந்தே அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

"இன்னும் அஞ்சு வருஷத்துல ஆபீஸ் போன்னு தனியா எதுவும் இருக்காது. உங்க போனுக்குள்ளயே ஆபீஸ் இருக்கும்" என்றார். அப்போது ஆபீஸ் பகுதியை மட்டும் தனியாக அழிக்கலாமாம். எங்களுக்கு எப்போது என்று கேட்டேன்.

"வரும் மேடம்."

இப்போது எங்களிடம் இருப்பது பழையது. அழித்தால் மொத்தமும் போகும்.

பிப்ரவரி 19, புதன்

பதினெட்டு போன் முடிந்தது. கடைசியாக சவுரிராயன். வல்லம், மேல்மலையனூர் பக்கமெல்லாம் அவர் பொறுப்பு. பெட்டி நிறைய மாத்திரையோடு வண்டியில் சுற்றுகிறவர்.

"இதுல நான் வச்சிக்கினு இருக்கறதெல்லாம் நீங்க பாப்பீங்களா மேடம்?"

"பாக்க முடியாதுங்க. அழிக்கத்தான் முடியும்."

"கண்ணைக் குடுக்காம கையை மட்டும் குடுத்துட்டாங்களா உங்களுக்கு!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மனைவி அந்தோணிமேரி இறந்து இரண்டு வருடம். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தம்மா பேசியதை இந்த போனில் பதிந்து வைத்திருக்கிறார்.

"ரெண்டு நிமிஷம் சொச்சம். அரிசி எங்க வாங்கணும், மழைக்கு முன்னாடி எந்த ஓடு மாத்தணும்னு சொல்லிக்கினு இருப்பா. அதை மட்டும் ஒரு சிடில போட்டுக் குடுக்கறீங்களா?"

அடுத்த வாரம் செய்து தருகிறேன் என்றேன்.

மார்ச் 8

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்த சவுரிராயன் வேகவைத்த மல்லாட்டை கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் ஆளுக்கொரு பிடி கடலை கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் கூட விழுந்தது. தற்செயலாகத்தான் இருக்கும். முப்பத்து நான்கு வயதில் இதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 22

இன்று என்னை "வெனிலா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடனே "மேடம்" என்று சேர்த்துக்கொண்டார். நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்.

மே 10, சனி

மதியம் வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார். பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். எங்கள் யாருக்கும் அவர் காட்டாத முகம் அது. சன்னலை விட்டு நகர்ந்து வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

"அந்த வாய்ஸு மேடம்..." என்றார். இரண்டாவது தடவை. கேபிள் சரியில்லை என்று சொன்னேன். கேபிள் மேஜை இழுப்பறையில் நன்றாகத்தான் இருந்தது. எதற்குப் பொய் சொன்னேன்? எடுத்தால் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று போட்டுக் கேட்க வேண்டும். அவர் பக்கத்தில் நிற்பார். அந்த முகத்தோடு.

ஜூலை 24

மூன்றாவது தடவை கேட்டார். திங்கட்கிழமை கட்டாயம் என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே சொன்னேன்.

ஜூலை 26, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆடி அமாவாசை. மேல்மலையனூர்க் கூட்டத்தில் எங்கள் பரிசோதனை முகாம். நான்கு மணிக்குச் சற்று முன் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டது சவுரிராயன். யாரிடமோ வாங்கிப் பேசினார்.

"போனைப் புடுங்கிக்கினு ஓடிட்டான் மேடம். பேர் போட்டுக்கினு இருந்தேன். லிஸ்ட்டு தொறந்தபடியே இருந்துச்சு."

பட்டியலில் இருநூறுக்கு மேல் பெயர்கள். வல்லத்துக் கெங்கம்மாளின் மகளும் அதில் ஒருத்தி. மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிக்கொண்டிருக்கிறாள். ஆவணியில் கல்யாணம். விஷயம் வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிடுவார்கள் என்று அந்தம்மா சவுரிராயன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது எனக்கும் தெரியும்.

ஆபீஸில் என் திரையில் பார்த்தேன். போன் இருக்கும் இடம் ஒரு புள்ளியாக வளத்தி ஊர்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. சிம்மைக் கழற்றிவிட்டால் பிறகு என்னால் எதுவும் செய்ய முடியாது.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு. இந்தக் கூட்டத்துல எங்க போய்த் தேடுவாங்க?" பின்னால் உடுக்கை அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டார்: "அந்த வாய்ஸு... எடுத்து வச்சிட்டீங்களா?"

திரையில் புள்ளி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

"மேடம்?"

"இல்லைங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது. கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

"அழிச்சிடுங்க. அந்தப் பொண்ணுக்கு ஆவணில கல்யாணம்."

"இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாமே..."

"வேணாம். ஜல்தி அழிச்சிடுங்க. இல்லன்னா என் மனசு மாறிடும்."

பொத்தானை அழுத்தினேன். 'உறுதியா?' என்று கேட்டது. அதையும் அழுத்தினேன். நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு 'முடிந்தது' என்று வந்தது. அவரிடம் சொன்னேன். சரிங்க என்றார். போன் கொடுத்தவருக்கு நன்றி சொல்வது கேட்டது. வைத்துவிட்டார்.

கடவுளே, ரெண்டு நிமிஷ வேலை. அஞ்சு மாசமா என்ன பண்ணிக்கினு இருந்தேன் நான்?

ஜூலை 28

டைரக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். விதிப்படி உடனே செயல்பட்டேனாம். சவுரிராயன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தட்டினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சவுரிராயனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவருக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உங்களுக்கு எவ்ளோ வேலை, பாவம்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"வேலை இல்லைங்க. கேபிளும் நல்லாத்தான் இருந்தது. எனக்குத்தான் மனசு வரலை."

"ஏன்?"

இழுப்பறையைத் திறந்து கேபிளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. மேஜைமேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். கதவருகே போய்த் திரும்பி, "ரெண்டு நிமிஷம்தான மேடம் ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். வண்டி கிளம்பும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18

சவுரிராயன் மயிலம் மையத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொள்கிறாராம். காகிதத்தை டைப் அடித்தது நான்.

செப்டம்பர் 1

கெங்கம்மாள் மகளுக்கு நேற்று நல்லபடியாகக் கல்யாணம் நடந்ததாம். பட்டியல் எங்கும் வெளியே போகவில்லை. சந்தோஷம்தான். உண்மையாகவே சந்தோஷம்தான்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ் பூசையில் அவருக்காக வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுவதென்று தெரியாமல் பெயரை மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 10, 2015

புதிய முறை வந்துவிட்டது. போன் இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் அவரவர் வாழ்க்கை. அழித்தால் இந்தப் பக்கம் மட்டும்தான் போகும். பயிற்சியாளர் பெருமையாகச் செய்து காட்டினார். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். மயிலம் மையத்து போன்களைப் பதிய நான் போகவில்லை. வேறொருவரை அனுப்பினேன்.

மார்ச் 13, 2015, வெள்ளி

மாலை பாசஞ்சரில் எதிர் இருக்கையில் சவுரிராயன். பார்த்து ஏழு மாதம் ஆகிறது. திண்டிவனத்துக்கு மருந்து வாங்க வந்திருந்தாராம். மெலிந்திருக்கிறார். எழுந்து வேறு பெட்டிக்குப் போகலாமா என்று பார்த்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"இப்பல்லாம் ஆபீஸ் பக்கம் மட்டும்தான் அழியுமாமே" என்றார்.

"ஆமாங்க. போன மாசம் வந்தது."

"நல்லதுதான். இனிமே வர்றவங்களுக்கு ஆவும்."

வெளியே கரும்புத் தோட்டம் ஓடியது. என்னைப் பார்க்காமலே சொன்னார்: "முகம் இருக்குது. குரலுதான் கொஞ்சம் கொஞ்சமா போய்க்கினே இருக்குது. அவளைப் பத்தி யாரும் எங்கிட்ட பேசறதில்ல. பேசினா நான் அழுவேன்னு பயம்."

கேட்டுவிட்டேன்.

"எப்படிப் பேசுவாங்க?"

நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்கலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"வேகமா பேசுவா. பாதி வார்த்தையை முழுங்கிடுவா. கோவம் வந்தா மட்டும் நிறுத்தி, நிதானமா, பள்ளிக்கூடத்து டீச்சராட்டம். ஒருக்கா எங்க தெருவுல மீன்காரன் ஒருத்தன் அவகிட்ட மாட்டிக்கினான்..."

சொல்லிக்கொண்டே போனார். மீன்காரனைப் போலப் பேசிக் காட்டினார். பக்கத்தில் இருந்த கிழவர்கூடச் சிரித்தார். அவர் இறங்க வேண்டிய மயிலத்தில் வண்டி நின்றது. மருந்துப் பை அவர் காலடியிலேயே இருந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. வண்டி கிளம்பியது. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். கேட்டுக்கொண்டே வந்தேன்.