சேற்றுப் பூதம் விழுந்த அன்று

சிதம்பரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புத் தம்பி எழிலனுக்கு,

அக்கா மங்கலம் எழுதுவது. ஐதராபாத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நாலு தடவை அடித்தேன். மூன்று தடவை யாரோ எடுத்து, சார் ஷாட்ல இருக்காரு என்றார்கள். நாலாவது தடவை நீயே எடுத்தாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, வீடியோ பாத்தேன், மாமா பின்னிட்டாரு போ!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு மறுபடி அடிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இளவரசி இதைக் கூரியரில் போட்டுவிடுவாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவில் உன் மாமா நடிக்கவில்லை. நிஜமாகவே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கடலூரில் பார்த்துவிட்டு சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். இன்றோடு ஒன்பது நாள். இதயம் தாங்காது, மயக்க மருந்து கொடுக்க முடியாது, அதனால் ஆப்ரேஷன் இல்லை என்கிறார் டாக்டர். படுத்தே கிடப்பதால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டுவிட்டது. நேற்று டாக்டர் இளவரசியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என் மகள் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நீ அந்த வீடியோவை உன் பக்கத்தில் போட்டு, "எங்க மாமா இன்னும் ஃபார்ம்லதான் இருக்காரு" என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சி நாலு வைத்திருக்கிறாய். இளவரசி காட்டினாள். இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். இரண்டு லட்சம் பேரில் ஒருத்தருக்குக்கூட அந்தக் கால் திரும்பிக் கிடந்த விதம் கண்ணில் படவில்லையாடா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. சரி, கோபத்தில்தான் எழுதுகிறேன். படி.

'சேற்றுப் பூதம்' படம் வந்தபோது உனக்கு எட்டு வயசு. முதுநகர் கொட்டகையில் என் மடியில் உட்கார்ந்து பார்த்தாய். பூதம் தண்ணீரிலிருந்து எழுந்தபோது என் புடவையில் மூத்திரம் பெய்தாய். அது உன் மாமாதான் என்று எத்தனை சொல்லியும் நீ ஒரு வாரம் அவர் பக்கத்தில் போகவில்லை. பிச்சாவரம் உப்பங்கழியில் ரப்பரும் சாக்கும் உடம்போடு ஒட்டித் தைத்து, கழுத்தளவு தண்ணீரில் இருபத்திரண்டு நாள் நின்றார் அந்த மனுஷன். தோல் உரிந்து வந்தது. நான்தான் தேங்காயெண்ணெய் போட்டேன். படத்தில் அவர் முகம் ஒரு இடத்தில்கூடத் தெரியாது. அதற்குப் பிறகு ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர்களே நம்பவில்லை. "கொளஞ்சியப்பன் நல்லா கதை வுடறாரு" என்று சிரிப்பார்கள்.

அப்புறம் நீ டைரக்டராகி வந்தாய். உன் படங்களில் வருகிற அந்த இரண்டு காமெடித் திருடர்களும் எங்கள் பூதமும் ஒரே படத்தில் என்றாய். பூதத்துக்கு எதுக்குடா காமெடி என்று சண்டை போட்டேன். "அக்கா, பழைய படத்த கண்ணாடிப் பெட்டில பூட்டி வெச்சா அதுக்குப் பேரு மரியாதையா? நாலு பேரு சிரிச்சாதான் நாலு பேரு தேடிப் பாப்பான்" என்றாய். உன் மாமாவும் உன் கட்சிதான். "பயந்தாலும் வாயத் தொறக்கறான், சிரிச்சாலும் வாயத் தொறக்கறான். மச்சான் ஆசப்படறான், வுடு" என்றார். நான் என்ன செய்ய, விட்டுவிட்டேன்.

படம் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், பூதம் தண்ணீரிலிருந்து எழுந்ததும் அந்த ஒல்லித் திருடன் சோப்பை எடுத்து நீட்டினானே, அங்கே நானும் சிரித்தேன். முதலில் சிரித்தேன், அப்புறம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கல்யாண மண்டபத்தில் பூதம் சாம்பார் வாளியில் வழுக்கி விழுகிறது, முகமூடி கழன்றுவிடுகிறது, உள்ளே உன் மாமா திருதிருவென்று விழிக்கிறார். கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. முப்பத்தேழு வருஷம் யாருக்கும் தெரியாத முகத்தை நீதான் ஊருக்குக் காட்டினாய் தம்பி. அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் காட்டினாய் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

அவருக்கு ஒரே சந்தோஷம். தெருவில் நடந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திருவந்திபுரம் கோவிலுக்குப் போனோம், முகூர்த்த நாள், ஏகப்பட்ட கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு எல்லாரும் இவரைச் சுற்றிக்கொண்டார்கள். "ஐயா, ஒரு தடவ வுழுந்து காட்டுங்க" என்றார்கள். எழுபத்தொரு வயசில், பட்டு வேட்டியோடு, கோவில் வாசலில் விழுந்து காட்டினார். அன்றிலிருந்து அதே பிழைப்பு. டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகள் வாசலில் நின்று "பூதம் தாத்தா, வுழு!" என்பார்கள். இவர் விழுவார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்தக் காலத்தில் சேற்றுப் பூதம் வருது என்று பயமுறுத்தித்தான் இந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினோம். இப்போது அந்தப் பிள்ளைகள் பெற்ற பிள்ளைகள் விழச் சொல்கின்றன. அந்தப் பழைய படத்தைத் தேடி ஒரு பிள்ளைகூட வந்து கேட்கவில்லை. நாலு பேர் தேடிப் பார்ப்பான் என்றாயே, அந்த நாலு பேர் யார் என்று எனக்கு எழுது.

நர்ஸ் வந்துவிட்டாள். அப்புறம் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை.

இரண்டு நாளாக இந்தக் காகிதம் பையிலேயே கிடந்தது. மீதியை எழுதப் பயமாக இருந்தது.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. புதுசாகப் போட்ட சிமெண்ட் ரோடு. அவர் பால் வாங்கிவிட்டு வந்துகொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். பிள்ளைகள் எதிர்ப்பக்கம் நின்றன. எழிலா, அன்றைக்கு அவரை யாரும் விழச் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்தேன். அவர் ஒரு கையால் நெற்றியைப் பிடித்தார், விழுந்தார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. எதிர்வீட்டு செந்தமிழ்செல்வன் போனை எடுத்தான். கால் மணி நேரம், கால் மணி நேரம்டா, அவர் அங்கேயே கிடந்தார். மீன் விற்றுக்கொண்டு வந்த செல்லாயிதான் கூடையை இறக்கிவிட்டு ஓடினாள். "அடப்பாவிங்களா, ஆளு நெசமாவே வுழுந்து கெடக்கறாருடா!" என்று அவள் கத்திய பிறகுதான் தெரு அசைந்தது.

வீடியோவில் ஒரு பொம்பளைக் குரல் கேட்கிறதே. "போதும் போதும், எழுந்து வாங்க, பால் கெட்டுப் போவுது" என்று. அதைக் கேட்டுத்தான் எல்லாரும் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்களாமே. அது நான்தான் தம்பி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நான்தான் நின்றேன். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம். அவர் இருமினால் எந்த இருமல் என்று சொல்லுவேன். அவர் விழுந்தது எந்த விழுதல் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்மேல் கொட்டிய கோபமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

நேற்று அவர் அந்த வீடியோவைக் காட்டச் சொன்னார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இளவரசி போனைப் பிடித்துக் காட்டினாள். முழுசாகப் பார்த்தார், என் குரல் வரும் இடத்தையும். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? மூச்சு வாங்கிக்கொண்டே, "வுழுந்தது நல்லா வந்திருக்குதில்ல? பசங்க கேட்டாங்க, வுழுந்தேன். தரதான் சரியில்ல" என்றார். பிள்ளைகள் கேட்கவே இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரிடமும் இதையே சொல்கிறார். டாக்டரிடமும் சொன்னார்.

அப்புறம், "மச்சான் பாத்தானா?" என்று கேட்டார். பார்த்தான் என்றேன். "சிரிச்சானா?" என்றார். சிரித்தான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

இன்று காலையிலிருந்து அவர் பேசவில்லை. கஞ்சி இறங்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போவதென்றால் போகலாம் என்கிறார்கள். அது எதற்குச் சொல்கிற வார்த்தை என்று உனக்குத் தெரியாததில்லை.

உன் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை நீக்க வேண்டாம், எதற்கும் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். ஷூட்டிங்கை ஒரு நாள் நிறுத்திவிட்டு வா. ஆனால் ஒன்று, அழுதுகொண்டு வராதே. உன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்தால்கூட அது நடிப்பில்லை என்று நமக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வாசலிலேயே முகத்தைத் துடைத்துக்கொள். உள்ளே வரும்போது அந்தப் போனில் சிரித்தாயே, அதே மாதிரி சத்தமாகச் சிரித்துக்கொண்டு வா. மாமா, பின்னிட்டீங்க என்று சொல். நானும் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டுமப்பா. சீக்கிரம் வா.

உன் அக்கா,
மங்கலம்.