சுடாத நீலம்

கோயம்புத்தூர்
18 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பி மாயவனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அண்ணி கமலம் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி காதில் விழுவதில்லை, அதனால்தான் கடிதாசி. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்புக்கரசி என்னைக் கட்டிலைவிட்டு இறங்க விடுவதில்லை. பெற்ற மகளா போலீசா தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் அண்ணன் கோழி வாங்கிவந்து அவரே சமைப்பாரே, இங்கே மருமகனும் சமைக்கிறார். உப்பைத்தான் காணோம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அவர் போனபின் வரும் முதல் திருநாள். மற்ற கல்லறைகளில் எல்லாம் மெழுகுவர்த்தி எரிய, அவர் மட்டும் இருட்டில் கிடக்கக் கூடாது தம்பி. புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, நாலு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். ஃபாதரைத் தீர்த்தம் தெளிக்கச் சொல்லுங்கள். வேறு சாமி கும்பிடுகிறவரிடம் இதைக் கேட்கலாமா என்கிறாள் மகள். முப்பது வருஷம் ஒரே பீங்கான் பொம்மைக் கம்பெனியில் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் நீங்கள். உங்களைவிட அவருக்கு யார் நெருக்கம்?

ஆசீருடன்,
கமலம்


விருத்தாசலம்
3 நவம்பர் 2024

அண்ணிக்கு மாயவன் கும்புட்டு எழுதுறது.

பொம்மைக்கு வர்ணம் பூசுற கை, எழுத்து கோணலாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

நேத்து கெளம்பிப் போனேன். பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்க நின்னா, கம்பெனி பழைய சூப்பர்வைசர் புடிச்சிக்கிட்டாரு. "தங்கதுரை இருந்தா இந்நேரம் ஜெபம் சொல்லியே நம்ம சோத்த ஆற வச்சிருப்பான்"னு சிரிச்சாரு. உங்ககிட்ட சொல்லியிருக்கேனா? மத்தியானம் டிபன் டப்பாவத் தொறந்தா அண்ணன் கண்ண மூடிடும். சூளைக்காரன்ல இருந்து கேட்டுல படுக்குற நாய் வரைக்கும் பேர் சொல்லி வேண்டிக்கும். உங்க பேரும் பாப்பா பேரும் ரெண்டு தடவ வரும். "அண்ணே, ரசம் ஆறுது"ம்பேன். "ஆறட்டும்டா, உன் பொண்டாட்டி இடுப்பு வலிய இன்னும் சொல்லவே இல்ல"ம்பாரு.

விஷயத்துக்கு வந்தா திட்டுவீங்க, அதான் சுத்துறேன்.

அடக்கத்தன்னிக்கு மரச்சிலுவையில அண்ணன் பேர நான்தான் எழுதனேன். கைக்குப் பழகுன பொம்ம நீலத்துல எழுதிட்டேன். அத சூளையில சுட்டாத்தான் ஒட்டும், சுடாம மழயில வச்சா போச்சு. இத்தினி வருஷம் அதே வேல பாத்தவனுக்கு அது தோணல பாருங்க! முந்தின நாளு பக்கத்துலயே ஒரு லாரி டிரைவர வச்சிருந்தாங்க. அவங்க ஆளு ஒருத்தரு "எங்களுதும் எழுதிக் குடுங்கண்ணே"ன்னாரு. அதயும் அதே நீலத்துல எழுதிக் குடுத்தேன்.

நேத்து போய்ப் பாத்தா ரெண்டு சிலுவையும் வெறுங் கட்ட. ரெண்டு மேட்டுலயும் ஒரே மாதிரி புல்லு. அன்னிக்கு அழுத அழுகையில எந்தப் பக்கம்னு மனசுல பதியல, எது அண்ணனுதுன்னு தெரியல அண்ணி. அங்கயே குந்திட்டேன். ஒரு அண்ணன வச்சிருந்தேன், அவரயும் தொலச்சிட்டனேன்னு அழுகையா வந்துது.

அப்பறம் ரெண்டையும் செதுக்கி, ரெண்டுக்கும் சுண்ணாம்படிச்சு, இன்னும் நாலு மெழுகுவர்த்தி வாங்கியாந்து ஏத்தனேன். ஃபாதர் வந்தாரு. "ரெண்டு பேருமே உங்க சொந்தமா?"ன்னாரு. "ஒருத்தருதான் ஃபாதர். எந்த ஒருத்தருன்னுதான் தெரியல"ன்னேன். சிரிச்சிக்கிட்டே ரெண்டுக்கும் தீர்த்தம் தெளிச்சாரு. டிரைவர் பக்கத்துல இருந்து ஒரு ஆளும் வரல.

மாதா கோயில் ரிஜிஸ்டர்ல யாரு எந்தக் கல்லறன்னு வரிச நம்பர் இருக்குமாம், வந்து பாருங்கன்னாரு. நீங்க சொன்னா போறேன். உங்களுக்கே எதுன்னு தெரிஞ்சா எழுதுங்க.

தப்பு பண்ண தம்பி,
மாயவன்


கோயம்புத்தூர்
11 நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்குப் புகழ். உங்கள் கடிதத்தை அன்புக்கரசியிடம் காட்டவில்லை. ரசம் ஆறிய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு, இருமல் என்று பொய் சொன்னேன்.

எனக்கும் தெரியாது தம்பி. அன்று நான் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே மயங்கி விழுந்தேன். மகள் என்னைத் தாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவரை வைத்த இடத்தை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. கட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பார்களே என வெட்கப்பட்டு, பத்து மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ரிஜிஸ்டரைப் பார்க்கப் போகாதீர்கள். எது அவருடையது என்று தெரிந்துவிட்டால், அடுத்த வருஷம் நாம் அந்த ஒன்றுக்குத்தான் போவோம். அந்த டிரைவரை யார் பார்ப்பது?

காலை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் வருகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறதா, அதை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் அண்ணி,
கமலம்