சத்தம் பின்னால் வரும்

காஜா பெராங், மலாக்கா
2.9.1960

அன்பு மகன் கருணாகரனுக்கு அப்பா எழுதுவது. இறைவன் கருணையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இந்த வரியை இம்முறை தயங்காமல் எழுத முடிகிறது. அங்கே சீமையில் குளிர் தொடங்குமுன் நீயும் உடம்பைக் கவனித்துக்கொள்.

சுதந்திர நாளன்று ஜெட் விமானங்கள் ஊருக்கு மேல் தாழப் பறக்கும் என்று அறிவித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள் முதல் விமானச் சத்தம் கேட்டாலே உன் அம்மாவுக்கு உடம்பு உதறும் என்பது உனக்குத் தெரியும், இப்போது இருதயமும் பலவீனம், திடீர் அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புக்கிட் காதிலில் உன் அக்கா சீதா வீட்டுக்குப் போகலாம் என்றேன், அங்கே மட்டும் வானம் இல்லையா என்று அம்மா கேட்டுவிட்டாள். அதனால்தான் சன்னல்களை அடைத்து, காதில் பஞ்சு வைத்து உள்ளறையில் படுக்க வைக்கப் போகிறேன் என்று உனக்கு எழுதினேன். அதற்கு நீ, அது கூடவே கூடாது, அடைத்த அறையில்தான் சத்தம் திடீரென்று விழும், வெளியே உட்கார்ந்து பார்க்கட்டும், ஜெட் வரும்போது சத்தம் குறைவு, தலையைத் தாண்டிய பிறகுதான் பெரிதாக வந்து மெல்ல அடங்கும் என்று பதில் போட்டாய். உன் ஆராய்ச்சிக் கூடத்தில் கட்டைவிரல் அகலக் குழாயில் காற்றைப் பீய்ச்சி, சுற்றிலும் மைக் வைத்து அளந்து, அதிலிருந்து பெரிய எஞ்சினின் சத்தத்தைக் கணக்கிடுவதையும் விளக்கியிருந்தாய். உன்னை நம்பாமல் இல்லையப்பா. சர்வே ஆபீசில் நிலத்தை அளந்து பெரியதைச் சிறிதாக வரைந்தே பழகியவன் நான், சிறியதை வைத்துப் பெரியதை நம்பத் துணிவு வரவில்லை. மூலைக்கடை ஷரீஃபுதீனிடம் யோசனை கேட்டேன். "புள்ள சீமையில குழல் ஊதுறத நம்பியா அண்ணிய வெளிய உக்கார வைக்கப் போறீங்க?" என்று சிரித்தார். அவர் கடையிலேயே இன்னொரு கட்டுப் பஞ்சு வாங்கி வந்தேன்.

கடைசியில் சுதந்திர நாள் காலையில் உன் அம்மாதான், புள்ள எழுதியிருக்கான்ல, பிறகென்ன என்று நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உஜோங் பாசிர் பக்கமிருந்து நான்கு விமானங்கள் வந்தன, நீ சொன்னபடி சத்தம் குறைவுதான். தலைக்கு மேல் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, "இப்ப வரும், பயப்படாதீங்க" என்றாள். வந்தது. சிங்க் தகரக் கூரை அதிர்ந்தது, மேசையில் கோப்பைகள் குலுங்கின, பிறகு அடங்கிவிட்டது. கண்ணைத் திறந்தபோது அவள் அவை போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போருக்குப் பிறகு ஒரு விமானம் மறையும் வரை அவள் நின்று பார்த்ததில்லை. டாக்டரும் நேற்று வந்து நாடி பார்த்து, பயமில்லை என்றார். எனக்கு இன்றுதான் மூச்சு நிதானமாக வருகிறது.

அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அந்தக் குழாய் அருகே நிற்கும்போது உன் காதைப் பத்திரமாக மூடிக்கொள், மறந்துவிடாதே. இன்னொன்று, அம்மா கட்டாயம் எழுதச் சொன்னது: கப்பலில் வந்தால் ஒரு மாதம் ஆகிறதாம், அடுத்த முறை நீ விமானத்திலேயே வர வேண்டுமாம்.

உன் அன்பு அப்பா,
நல்லையா