ஒரே அண்டா

3 ஆகஸ்ட் 2003, ஞாயிறு
இன்றோடு எனக்கு எழுபத்திரண்டு வயது நிறைகிறது. வாழ்த்த யாரும் வரவில்லை. பிறந்தநாளை எவரிடமும் சொல்லாததன் பயன். திண்டுக்கல்லின் ஓரத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும் இந்தத் தெருவில் ராயப்பராஜ் தும்மினால், எதிர்வீட்டு முத்துப்பேச்சி கஷாயத்தோடு வருகிறாள். வீடுகளுக்கு இடையே சுவர் இருப்பது வீட்டுவரி போடுவதற்கு மட்டுமே.

9 ஆகஸ்ட்
தெருவுக்குக் குடிநீர்க் குழாய் ஒருவழியாக வந்தேவிட்டது. வருகிற 24ஆம் தேதி தெருவே சேர்ந்து உண்பதென்று தீர்மானம். ஆட்டுக்கறி பிரியாணி. சமைப்பவர் அப்துல் வாஹித். டவுன் கடையொன்றில் பிரியாணி மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "இம்புட்டு நாளும் கடைக்கு வந்தவுகளுக்குத்தான் ஆக்கிப் போட்டேன். நம்ம தெரு மொத்தமும் ஒரே அண்டாவுல சாப்டணும்மா. அது ஒண்ணுதான் ஆசை" என்றார்.

12 ஆகஸ்ட்
கூட்டத்தில் முத்துப்பேச்சி எழுந்தாளாம்: "டீச்சரம்மா சைவம்ல? அவுகளுக்கு என்ன செய்யப் போறீக?"
(கல்லூரியில் பேராசிரியையாக இருந்தேன். இங்கே டீச்சரம்மாதான்.)
தனியாக ஒரு சட்டி சாம்பார் சாதம் வைக்கலாம் என்றார் ராயப்பராஜ். வாஹித் மறுத்துவிட்டார்: "ஒரு வீடு தொட முடியாத சோத்த நான் ஆக்க மாட்டேன்."
"அப்ப எல்லாருக்குமே சாம்பார் சாதம் போட்ருவோம்" என்றாராம் பக்கத்து வீட்டு மூக்கையா.
"ஏய்யா, சாம்பாருக்கு எதுக்குய்யா மாஸ்டரு?" என்று பாய்ந்தாராம் வாஹித்.
கூட்டம் சண்டையில் கலைந்தது.

15 ஆகஸ்ட்
மூக்கையா வீட்டில் கிடா வெட்டு. எனக்கு வழக்கம்போலத் தயிர்சாதம். கிறிஸ்துமஸுக்கு ராயப்பராஜ் வீட்டிலிருந்து முட்டையில்லாத கேக் வரும். ரம்ஜானுக்கு வாஹித் வீட்டிலிருந்து சேமியா மட்டும். கறி படாத தூக்குச்சட்டி ஒன்றில் 'டீச்சர்' என்று பெயர் வெட்டியே வைத்திருக்கிறாள் முத்துப்பேச்சி. இத்தனை மரியாதையை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் செய்ததில்லை. இத்தனை தயிர்சாதத்தையும் போட்டதில்லை.

18 ஆகஸ்ட்
வாஹித் வந்தார். "அண்டா வேண்டாம்னு வாடகைக் கடையில சொல்லிட்டேன்மா. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக." செத்த நேரம் உட்காரச் சொன்னேன், நின்றபடியே போய்விட்டார். ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் என் பெயரால் கெட்டது.
இந்த வயசுல இது என்ன கூத்து? ஒரு வார்த்தை — வாயத் தொறந்து சொன்னா என்ன கொறஞ்சா போயிருவேன்?

19 ஆகஸ்ட்
வாஹித் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அண்டா வருகிறது.

24 ஆகஸ்ட், ஞாயிறு
சீரகச் சம்பா மணம் பிரதான சாலை வரை போயிற்று. வாஹித்தே முதல் கரண்டியை என் இலையில் வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், அடுப்புப் புகையாம்.
பக்கத்து இலையில் முத்துப்பேச்சி. "நெசமாவே கறி திம்பீகளா? என்னைக்குல இருந்து?"
"பல் முளைத்த நாளிலிருந்து."
"அடி ஆத்தீ! பன்னெண்டு வருசமா எங்க வீட்டுக் கோழிக்கொழம்ப மோந்து பாத்துக்கிட்டேதான் தயிர்ச்சோத்தத் தின்னீகளா?"
தின்றேன். நான் குடிவந்த அன்று, அலமாரிப் புத்தகங்களைப் பார்த்தும் என் பேச்சைக் கேட்டும் 'சுத்த சைவம்' என்று தீர்ப்பளித்தவளே அவள்தான். அதன்பின் 'நீங்க என்ன ஆளுக?' என்று தெருவில் எவரும் என்னிடம் விசாரிக்கவில்லை. ஆகவே நானும் மேல்முறையீடு செய்யவில்லை.
இன்று ஒரே பந்தியில் ஐந்து பேர் அதையே விசாரித்துவிட்டார்கள். வாயில் நல்லி எலும்பு இருந்தது. பதில் சொல்ல வசதிப்படவில்லை.